சேலம் டூ ஏற்காடு: ஈவி கார்ல ஏசி, ஹீட்டர் எப்படி யூஸ் பண்றது?

புதுசா எலக்ட்ரிக் கார் எடுத்தவங்க நெறைய பேருக்கு இருக்குற பயம், ஏசி போட்டுட்டு ஏற்காடு ஏறினா சார்ஜ் பத்துமாங்கிறதுதான். அதுக்காக மே மாச வெயில்ல ஏசிய ஆஃப் பண்ணிட்டு, பின் சீட்ல பெரியவங்களும் குழந்தைங்களும் வேர்த்து வழிய வழிய ஓட்டிட்டு போறாங்க, அது தேவையே இல்லைங்க. கொஞ்சம் கணக்கு பாப்போம். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆளுங்களோட சேத்து 1700 கிலோ வர்ற வண்டிய அவ்ளோ ஒசரம் தூக்கறதுக்கு மட்டுமே அஞ்சரை யூனிட் கிட்ட கரண்ட் வேணும். ஏசி ஒரு தடவ உள்ள குளுந்து செட் ஆயிட்டா அரை கிலோவாட்ல இருந்து ஒரு கிலோவாட் வரைக்கும்தான் இழுக்கும், அதாவது ஒரு மணி நேரம் ஓடினாலும் அதிகபட்சம் ஒரு யூனிட். சார்ஜ திங்கறது மலைதான். அந்த அஞ்சரைல நல்ல பங்கு எறங்கும்போது ரீஜென்ல, அதான் வேகத்த கொறைக்கும்போது மோட்டாரே கரண்ட் எடுத்து பேட்டரிக்கு அனுப்பறது, அதுல திரும்ப வந்துடும், ஏசிக்கு போனது மட்டும் திரும்ப வராது, அதனால பாத்து யூஸ் பண்ணா போதும்.

மொத வேலை, வீட்ல சார்ஜர் மாட்டியிருக்கும்போதே ஆப்ல ஏசிய ஆன் பண்ணிடுங்க, கெளம்பறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி போதும். குளுர வெக்கிற கரண்ட் வீட்டு லைன்ல இருந்து போகும், பேட்டரில கைய வெக்காது.

அஞ்சு ரோடு பக்கம் எங்கயாவது வெயில்ல நிறுத்திட்டு வந்தீங்கன்னா ஏறின உடனே கண்ணாடிய சாத்திட்டு ஏசிய போடாதீங்க. உள்ள காத்து வெளிய இருக்கறத விட சூடா இருக்கும், அத மொதல்ல வெளிய தள்ளணும். நாலு கண்ணாடியும் எறக்கி ஃபேன ஃபுல்லா வெச்சு ஒரு நிமிஷம் ஓட்டுங்க, அப்புறம் ஏத்திட்டு ரீசர்க்குலேஷன் பட்டன், அதான் கார் படத்துக்குள்ள அம்பு சுத்தற மாதிரி இருக்குமே, அத போட்டு 24ல வெச்சுடுங்க. ஸ்கிரீன்ல பாத்தீங்கன்னா மொத அஞ்சு நிமிஷம் ஏசி ரெண்டு மூணு கிலோவாட் இழுக்கும், பயப்படாதீங்க, அப்புறம் தானா எறங்கிடும். ஆட்டோ ஏசில 'லோ'ல வெச்சா சீக்கிரம் குளுராது, அது எப்பவும் நிறுத்தாம ஓடும், அவ்ளோதான்.

அடிவாரம் தாண்டினதும் ஆட்டம் மாறுது. நூறு மீட்டர் ஏறினா அரை டிகிரிக்கு மேல கொறையும், மேல போறதுக்குள்ள ஏழு எட்டு டிகிரி வித்தியாசம் வந்துடும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, பத்தாவது பக்கம் வரும்போதே ஏசிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய எறக்கி பாருங்க. ஹைவேல 90ல போகும்போது கண்ணாடி தெறந்தா காத்து புடிச்சு இழுக்கும், அங்க ஏசியே மேல். மலை ரோட்ல 25, 30ல போறதுக்கு அந்த பிரச்சனை கெடையாது, வளைவுல வாந்தி வர்றவங்களுக்கும் வெளிக்காத்து ரொம்ப நல்லது. வண்டிய நிறுத்தினா மட்டும் கண்ணாடிய ஏத்திடுங்க, குரங்கு காத்துட்டே இருக்கும். ஏசி ஆஃப்ல இருந்தும் முன்னாடி கம்ப்ரசர் சத்தம் வருதுன்னா சில கார்ல அது பேட்டரிய குளுர வெக்குது, ஓடட்டும் விடுங்க.

இப்போ ஹீட்டர். இங்கதான் உண்மையிலேயே கவனமா இருக்கணும். பெட்ரோல் கார்ல இன்ஜின் சூடு சும்மா கெடைக்கும், ஈவில அது கெடையாது. பிடிசி ஹீட்டர் இருக்குற காருன்னா அயர்ன் பாக்ஸ் மாதிரி கரண்ட நேரா சூடா மாத்துது, மூணு கிலோவாட் சூடு வேணும்னா மூணு கிலோவாட் போயிடும். ஹீட் பம்ப், அதாவது ஏசிய திருப்பிப் போட்ட மாதிரி வெளிக்காத்துல இருக்கற சூட்ட உள்ள கொண்டு வர்ற சிஸ்டம் இருந்தா அதே சூட்டுக்கு பாதியோ அதுக்கும் கம்மியோ போதும். உங்க கார்ல எது இருக்குன்னு மேனுவல்ல ஒரு தடவ பாத்து வெச்சுக்கோங்க. டிசம்பர் விடியக்காலைல ஏற்காடு நல்லா குளுரும்தான், ஆனா ஒரு ஸ்வெட்டர போட்டுட்டு, காத்த கால் பக்கம் திருப்பி 22ல பத்து நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்திடலாம். ஹீட்டர் போடும்போது ஏசி லைட் எரியுதான்னு பாருங்க, கண்ணாடி கிளியரா இருந்தா அத அணைச்சுடுங்க, ரெண்டும் சேந்து ஓட வேண்டாம்.

பனி எறங்கி முன் கண்ணாடி மங்கிப் போச்சுன்னா பதட்டப்படாம விரலால உள்பக்கம் ஒரு கோடு போடுங்க. கோடு தெரியுதுன்னா ஈரம் உள்ள இருக்கு, நம்ம மூச்சுக்காத்துதான். ரீசர்க்குலேஷன ஆஃப் பண்ணி வெளிக்காத்து விடுங்க, டிஃபாக் பட்டன் போடுங்க, இப்போ ஏசி கண்டிப்பா ஆன்ல இருக்கணும், ஏன்னா ஈரத்த உறிஞ்சறது அதுதான், கூடவே டெம்பரேச்சர கொஞ்சம் ஏத்துங்க. கோடு தெரியலன்னா ஈரம் வெளிப்பக்கம், அதாவது உங்க ஏசி கண்ணாடிய அதிகமா குளுர வெச்சுடுச்சு. வைப்பர் ஒரு தடவ போட்டுட்டு, காத்த கண்ணாடி மேல படாம திருப்பி ரெண்டு டிகிரி ஏத்தி வெச்சா போதும், இங்க டிஃபாக்கோட ஏசிய இன்னும் குளுரா வெச்சா மோசமாத்தான் ஆகும். எதிர்ல பஸ் வர்ற வளைவுல இது தெரியாம முழிக்கக்கூடாது, அதனால வீட்டு வாசல்லயே அந்த பட்டன் எல்லாம் எங்க இருக்குன்னு கைக்கு பழக்கிடுங்க.

மேல தங்கி சார்ஜ் போட்டீங்கன்னா 100 வரைக்கும் ஏத்தாதீங்க, 80ல எடுத்துடுங்க. ஃபுல்லா இருந்தா ரீஜென் கரண்ட வாங்கிக்க பேட்டரில எடம் இருக்காது, பிரேக்குக்குத்தான் வேலை. எறங்கி அடிவாரம் பக்கம் வந்து சூடு ஏற ஆரம்பிச்சதும் தாராளமா ஏசிய போடுங்க, அப்போ அது ஓடறது பெரும்பாலும் எறக்கத்துல கெடைக்கிற கரண்ட்லதான்.

அப்புறம் கேபின் ஃபில்டர். பெரும்பாலும் டேஷ்போர்டு டப்பாவுக்கு பின்னாடி இருக்கும், நம்ம ஊர் தூசிக்கு சீக்கிரமே அடைச்சுக்கும். ஃபேன் சத்தம் மட்டும் வருது காத்து வரலன்னா கேஸ் கொறைஞ்சிடுச்சுன்னு சர்வீஸுக்கு ஓடறதுக்கு முன்னாடி மொதல்ல அத கழட்டி பாருங்க.