முதலில் ஒயர் போகும் வழி, அப்புறம்தான் ஸ்க்ரூ: கேபினெட்டில் பவர் சப்ளை பொருத்தும் முறை

முதன்முதலில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது, மதர்போர்டைப் பூட்டி, அதன் மேல் பெரிய கூலரை ஏற்றி, கிராபிக்ஸ் கார்டையும் செருகிவிட்டு, எல்லாம் முடிந்த நிம்மதியில் கடைசியாகத்தான் பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிளைக் கையில் எடுத்தேன். அதைச் செருக வேண்டிய சாக்கெட் மதர்போர்டின் மேல் இடது மூலையில், கூலருக்கும் கேபினெட்டின் மேல்தகட்டுக்கும் நடுவே, சுண்டுவிரல்கூட நுழையாத சந்தில் இருந்தது. கால் மணி நேரம் மல்லுக்கட்டியும் நடக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, கூலரைக் கழற்றி, பிராசசர் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி தடவி என்று ஒரே ஒரு கேபிளுக்காகப் பாதி மெஷினைப் பிரித்தேன்.

கேபிள் மேனேஜ்மென்ட் என்றால் எல்லாம் முடிந்த பிறகு ஒயர்களை அள்ளிக் கட்டுவது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். பவர் சப்ளையை உள்ளே வைக்கும்போதே அதில் பாதி முடிந்திருக்க வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். சாதாரண ஏடிஎக்ஸ் (மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினெட் அளவுகளுக்கான பொதுத் தரம்) டவர் கேபினெட்டை மனதில் வைத்துச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு: நான் பவர் சப்ளை என்பதும் அதைத்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். பழைய மெஷினில் கை வைப்பதாக இருந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் நிற்கலாம்.

1. அது எங்கே உட்காரப் போகிறது என்று பாருங்கள்

ஏடிஎக்ஸ் வடிவமைப்பை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. அதன்பின் பல ஆண்டுகள் பவர் சப்ளை கேபினெட்டின் பின்புறம் மேலேதான் இருந்தது. பிராசசரிலிருந்து மேலே எழும் சூட்டை அதன் ஃபேன் உறிஞ்சி வெளியே தள்ளும். கேபினெட்டுக்கு அது கூடுதல் எக்ஸாஸ்ட் மாதிரி. ஆனால் பவர் சப்ளை சுவாசிப்பதோ எப்போதும் சூடான காற்று. இப்போது வரும் பெரும்பாலான டவர்களில் அது கீழே இறங்கிவிட்டது. அடியில் துளைகளும் தூசு வடிகட்டியும் இருக்கும். வெளிக்காற்றைத் தானே இழுத்து, பின்பக்கமாகத் தானே வெளியேற்றிக்கொள்ளும். கேபினெட்டுக்குள் இருக்கும் சூட்டோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

மதர்போர்டுக்குப் பின்னால் தனி அறையில் பவர் சப்ளையை வைக்கும் அகலமான கேபினெட்டுகளும் உண்டு. ஒயர் ஒழுங்கு என்ற கோணத்தில் பார்த்தால் புதிதாகச் செய்பவருக்கு அதைவிடச் சுலபமான பெட்டி கிடையாது. எவ்வளவு கந்தரகோலமாக இருந்தாலும் அந்த அறை மறைத்துவிடும். மேசையில் இடம் மட்டும் அதிகம் கேட்கும்.

2. ஃபேன் மேலேயா, கீழேயா?

இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அடித்தகட்டில் துளைகளும், கேபினெட்டின் கால்கள் தரும் இடைவெளியும் இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பதில்.

அடியில் துளையே இல்லாத பெட்டி என்றாலோ, கம்பளம் மாதிரி மெத்தென்ற தரையில் வைக்கப்போகிறீர்கள் என்றாலோ ஃபேனை மேல்நோக்கித் திருப்புங்கள். தரை அதன் வாயை அடைத்துவிடக் கூடாது. ஆனால் திருப்பும் முன் பவர் சப்ளையை மூடியிருக்கும் மேல்மறைப்புத் தகட்டைப் பாருங்கள். ஃபேனுக்கு நேர் மேலே அதில் துளைகள் இருந்தால் சரி. ஓட்டையே இல்லாத தகடு என்றால், ஃபேனை மேலே திருப்புவதும் அதன் மூக்கைப் பொத்துவதும் ஒன்றுதான். மேலே துளை இருந்தாலும் நழுவி விழும் ஸ்க்ரூ நேராக ஃபேனுக்குள் போகும் வாய்ப்பு உண்டு, கவனம்.

பவர் சப்ளையை மேலே வைக்கும் பழைய மாதிரிப் பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். ஃபேன் கேபினெட்டின் உட்புறத்தைப் பார்த்து, அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

3. நீளத்தை அளந்துகொள்ளுங்கள்

ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ. இவை மாறாது. மாறுவது நீளம். 140 மி.மீ. முதல் 180 மி.மீ. வரையிலும், சமயத்தில் அதற்கு மேலும் வரும். கேபிள்களைக் கழற்றிச் செருகும் மாடுலர் வகை என்றால் கனெக்டர்களும் கேபிள் வளைவும் இன்னொரு 25, 30 மி.மீ. கேட்கும். அதன் முன்னால் ஹார்ட் டிஸ்க் கூண்டு இருந்தால் இந்த இடம் சட்டென்று தீர்ந்துபோகும். ஹார்ட் டிஸ்க் வைக்கப் போவதில்லை என்றால் கூண்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பல பெட்டிகளில் நாலு ஸ்க்ரூதான். மிச்ச ஒயரைச் சுருட்டி வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

4. கேபிள்களை வெளியிலேயே செருகிவிட்டு உள்ளே தள்ளுங்கள்

மாடுலர் வகை என்றால் எந்தெந்தக் கேபிள் வேண்டும் என்று மேசையிலேயே தீர்மானியுங்கள். மதர்போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு 8 பின், கிராபிக்ஸ் கார்டு கேட்கும் கேபிள், சாட்டா கனெக்டர் உள்ள ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி மாதிரி டிரைவ் இருந்தால் அதற்கு ஒன்று. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பவர் சப்ளையைப் பூட்டிய பிறகு, அந்த இருட்டுப் பொந்துக்குள் கைவிட்டு கனெக்டரைச் செருகுவது லேசுப்பட்ட காரியமில்லை.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். வேறொரு பவர் சப்ளையின் கேபிளை இதில் செருகாதீர்கள். மதர்போர்டு பக்கம் போகும் முனைக்குப் பொதுவான தரம் உண்டு. பவர் சப்ளை பக்கம் போகும் முனைக்குக் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் பின் வரிசை மாறும். வடிவம் ஒத்துப்போய் அழகாக உள்ளே போய்விடும். ஆன் செய்ததும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்ட் டிஸ்க் போய்விடும். பழைய கேபிள்களைப் போட்டு வைத்திருக்கும் டப்பா எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதில் ஒவ்வொன்றிலும் எந்தப் பவர் சப்ளையுடையது என்று சீட்டு ஒட்டி வையுங்கள்.

இனி உள்ளே தள்ளலாம். பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. பெட்டியோடு வரும் ஸ்க்ரூக்களில் மரை பெரிதாக இருப்பவை இதற்கு. மரை நெருக்கமாக இருக்கும் சின்ன எம்3 ஸ்க்ரூ எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு. நாலு ஓட்டைகளும் சீரான சதுரமாக இருக்காது. நாலில் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் ஒருவேளை தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். நாலையும் பாதி முறுக்கி, நேராக்கி, அப்புறம் இறுக்குங்கள்.

5. பிராசசர் கேபிள்: இதுதான் முதலில்

என்னை அழவைத்த கேபிள் இது. பவர் சப்ளை கீழே இருந்தால், இது மதர்போர்டுத் தகட்டுக்குப் பின்னாலேயே ஏறி, மேல் இடது மூலையில் இருக்கும் ஓட்டை வழியாக முன்னால் எட்டிப்பார்க்க வேண்டும். மதர்போர்டை வைக்கும் முன்பே முனையை அந்த ஓட்டையில் தலைநீட்ட வைத்துவிடுங்கள். சில பெட்டிகளில் மதர்போர்டு உட்கார்ந்த பிறகு அந்த ஓட்டையில் கனெக்டரே நுழையாது. போர்டை வைத்து ஸ்க்ரூ பூட்டியதும், கூலரை ஏற்றும் முன், முதல் வேலையாக இதைச் செருகுங்கள். கேபிள் எட்டவில்லை என்றால் குறுக்கே முன்பக்கமாக இழுத்து ஓட்டாதீர்கள், எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கேபிளையும் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். இரண்டிலும் எட்டு பின், இரண்டும் கறுப்பு. பிரித்துப் பாருங்கள்: நாலும் நாலுமாகப் பிரிந்தால் பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு. ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றதில் கிரவுண்ட் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கும். தவறான சாக்கெட்டில் போகாதபடி துளைகளின் வடிவத்தை மாற்றித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே செருகும்போது போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கையில் இருப்பது வேறு கேபிளாக இருக்கும்.

6. 24 பின்னும் மற்றவையும்

கூட்டத்திலேயே தடியான கேபிள் 24 பின்தான். மதர்போர்டின் வலது விளிம்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். செருகும்போது மதர்போர்டின் அந்த விளிம்பு பலகைபோல வளையும், பயமாக இருக்கும். ஒரு கையின் விரல்களை விளிம்புக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மறுகையால் அழுத்துங்கள். கொக்கி விழும் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முழுதாக இறங்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150 என்பது கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல், பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொண்டுவருவது நல்லது. புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தாங்கும்படி வடிவமைத்தது. அதனாலேயே அதில் அலட்சியம் கூடாது. இடைவெளி துளியும் தெரியாதபடி முழுதாக அழுத்துங்கள். கனெக்டரிலிருந்து குறைந்தது 35 மி.மீ. தூரம் கேபிள் நேராக வந்த பிறகே வளையலாம். பக்கக் கண்ணாடி அதை இடித்து அழுத்துகிறது என்றால் அந்தக் கார்டுக்கு அந்தப் பெட்டியின் அகலம் போதவில்லை என்று அர்த்தம். அரைகுறையாக உட்கார்ந்த இந்தக் கனெக்டர்கள் உருகிய கதைகள் நிறைய.

முன்பக்க பட்டன், யுஎஸ்பி, ஆடியோ ஒயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆடியோ பொதுவாக மதர்போர்டின் கீழ் இடது மூலைக்குப் போகும். நீளமாகச் சுற்றிவர வேண்டும் என்பதால் அதை முன்கூட்டியே பின்னால் கொண்டுபோய் வையுங்கள். யுஎஸ்பி 3 கேபிள் முரட்டுத்தனமாக விறைத்து நிற்கும், அதன் பின்களோ நூல் மாதிரி. நேராகச் செருகி நேராகவே இழுங்கள். எல்இடி ஒயரில் பிளஸ், மைனஸ் மாறினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். திருப்பிச் செருகினால் போதும்.

7. இப்போதுதான் கட்டுவது

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மதர்போர்டுத் தகட்டுக்கும் பக்க மூடிக்கும் நடுவில் 20, 25 மி.மீ. இடம் இருந்தால் வசதி. 15 மி.மீ. என்றால் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். சூத்திரம் ஒன்றுதான்: ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள், பக்கம் பக்கமாகப் படுக்க வையுங்கள். 24 பின்னின் மேல் இன்னொரு கேபிள் குறுக்கே போனால் அந்த இடத்தில் மூடி பிதுங்கும். தகட்டில் ஆங்காங்கே சின்ன வளையங்கள் இருக்கும், அவற்றில்தான் கட்ட வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் வெல்க்ரோ பட்டையால் லேசாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கேபிள் டையை முதல் நாளே இறுக்கினால் நாளைக்கு ஒரு எஸ்எஸ்டி சேர்க்கும்போது கத்திரியோடு நிற்க வேண்டிவரும். ஒருமுறை அப்படி வெட்டப்போய் டையோடு ஃபேன் ஒயரையும் சேர்த்து வெட்டினேன். டை போட்டே தீர வேண்டும் என்றால் மிச்ச வாலை ஒட்ட நறுக்குங்கள். சாய்வாக நறுக்கிய முனை பிளேடு மாதிரி, அடுத்த தடவை உள்ளே கைவிடும்போது தோலைக் கிழிக்கும்.

மிஞ்சிய நீளத்தை மடித்து, பவர் சப்ளைக்கு முன்னால் காலியான இடத்தில் வையுங்கள். அங்கே முன்பக்க ஃபேன் இருந்தால் அதன் இறக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஒயரை அழகாகக் கட்டினால் டெம்பரேச்சர் பத்து டிகிரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பக்க ஃபேன் வாயில் ஒயர் மூட்டை அடைத்துக்கொண்டிருந்தால் ஒழிய, இன்றைய பெட்டிகளில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. தூசு தட்டுவதும் பழுது பார்ப்பதும் சுலபமாகும் என்பதுதான் நிஜமான லாபம்.

8. மூடும் முன் ஆன் செய்யுங்கள்

பக்க மூடியை மாட்டாமலேயே பிளக்கைச் செருகி, பவர் சப்ளையின் பின்னால் இருக்கும் சுவிட்சை ‘I’ என்று கோடு போட்ட பக்கம் அழுத்துங்கள். பழைய அல்லது மலிவு வகையில் 115/230 என்று சின்ன சிவப்பு சுவிட்ச் இருந்தால் உங்கள் ஊர் வோல்ட்டேஜுக்கு வைத்திருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 230 வோல்ட்டில் 115-க்கு வைத்திருந்தால் ஆன் செய்த நொடியே ‘டப்’.

மெஷின் ஓடும், ஆனால் பவர் சப்ளை ஃபேன் மட்டும் அசையாமல் இருக்கலாம். பதறாதீர்கள். லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்திவைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தால் எங்கோ ஒரு ஒயர் ஃபேனைத் தொடுகிறது. அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். பெரும்பாலும் அது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் தொங்கும் ஆடியோ கேபிளாகவோ, பின்பக்க ஃபேனின் சொந்த ஒயராகவோதான் இருக்கும்.

கடைசியாக, மதர்போர்டுத் தகட்டுக்குப் பின்னால் வரும் பக்க மூடி. ஒரு கையால் மூடியின் நடுவில் மெதுவாக அழுத்திக்கொண்டே தள்ளுங்கள். முழங்காலைக் கொடுத்து அமுக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி திறங்கள். எந்த இடம் பிதுங்குகிறதோ அங்கே ஒரு கேபிள் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். அதை மட்டும் இறக்கிப் பக்கத்தில் படுக்க வைத்தால் மூடி தானாக வழுக்கிக்கொண்டு போகும்.