ஆஸிலோமெட்ரி: சிறு மூச்சுக்குழாய்களைப் பிழையில்லாமல் அளக்க

2 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள மூச்சுக்குழாய்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். அவை பக்கம் பக்கமாகக் கிளை விரிந்திருப்பதால், ஆரோக்கியமான நுரையீரலில் காற்றோட்டத்துக்கு எழும் மொத்தத் தடையில் அவற்றின் பங்கு சிறியது. அதனால் பலமாக ஊதிச் செய்யும் ஸ்பைரோமெட்ரியில் எஃப்.இ.வி.1 (முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு) இயல்பாக இருக்கும்போதே அங்கே நோய் முற்றியிருக்கலாம். ஆஸிலோமெட்ரியில் கருவியே மெல்லிய அழுத்த அதிர்வுகளை வாய் வழியாக அனுப்பித் தடையை அளக்கிறது, நோயாளி பலங்கொண்டு ஊத வேண்டியதில்லை. அவருக்கு வேலை குறைவு, டெக்னீஷியனுக்குத்தான் அதிகம்.

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன், தடை தெரிந்த டெஸ்ட் லோடைப் பொருத்திச் சரிபார்க்கவும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஃபில்டரையும் இணைப்புகளையும் பாருங்கள். ஈரமான ஃபில்டரே தடையைக் கூட்டிக் காட்டும்.

ஒரே நாளில் ஸ்பைரோமெட்ரியும் இருந்தால் ஆஸிலோமெட்ரிதான் முதலில். ஆழ்ந்து இழுத்து ஊதுவதே குழாய்த்தசையின் இறுக்கத்தை மாற்றிவிடும். கடைசியாக இன்ஹேலர் எடுத்த நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோயாளி நிமிர்ந்து உட்காரட்டும், கால்மேல் கால் வேண்டாம். மவுத்பீஸின் உயரத்தை அவருக்கேற்ப மாற்றுங்கள். அவரைக் குனிய வைக்காதீர்கள். மூக்கில் கிளிப், உதடு இறுக்கமாக, நாக்கு மவுத்பீஸுக்கு அடியில். பிறகு அவரே தன் இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னத்தையும், விரல்களால் தாடைக்குக் கீழேயும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலரும் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள், பிடித்திருக்க மாட்டார்கள். தளர்ந்த கன்னம் அதிர்வை வாங்கிக்கொண்டு தானே ஆடும். அதிர்வெண் கூடக்கூடத் தடை பொய்யாக இறங்கும், ஆர்5-க்கும் (5 ஹெர்ட்ஸ் அதிர்வில் அளக்கும் தடை) ஆர்20-க்கும் (20 ஹெர்ட்ஸில் அளப்பது) இடைவெளி விரியும். இந்த இடைவெளியைத்தான் சிறு குழாய் நோயின் அடையாளமாகப் படிக்கிறார்கள். சிறு குழாய் நோய் என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு வெறும் கன்னம்தான். முதியவர்களுக்குப் பின்னால் நின்று நீங்களே பிடித்துவிடுவது நல்லது.

“சும்மா சாதாரணமா மூச்சு விடுங்க, ஊத வேண்டாம், எச்சில் முழுங்க வேண்டாம்” என்றால் போதும். பெரியவர்களுக்கு 30 விநாடி, 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 16 விநாடி. குறைந்தது மூன்று நல்ல பதிவுகள் வேண்டும். இடையே மவுத்பீஸை எடுத்து ஓய்வு கொடுங்கள்.

திரையில் தடை ஊசிபோல் எகிறினால் விழுங்கியிருப்பார், அல்லது நாக்கு அடைத்திருக்கும். தடை சட்டென விழுந்து ரியாக்டன்ஸ் (நுரையீரலின் மீள்தன்மையைக் காட்டும் எண்) பூஜ்யத்தை நெருங்கினால் உதட்டோரம் காற்று கசிகிறது.

ஆர்5-இன் மாறுபாட்டுக் கெழு (பதிவுகளின் சிதறலைச் சராசரியின் சதவீதமாகச் சொல்லும் எண்) பெரியவர்களுக்கு 10, குழந்தைகளுக்கு 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆர்5 (லிட்டர்/விநாடிக்குக் கிலோபாஸ்கலில்) 0.42, 0.45, 0.57 என்று வந்தால் கெழு ஏறக்குறைய 16.5. மூன்றாவதில் கசிவோ விழுங்கலோ தெரிந்தால் மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள். புதியது 0.44 என்றால் கெழு 3.5 ஆகிவிடும். காரணம் தெரியாமல், எண் பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் நீக்கக் கூடாது.

முடிவைப் படிக்கும்போது ஆர்5-ஐ மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். எக்ஸ்5 (5 ஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ்) அதிக எதிர்மறையாவதும் ஏ.எக்ஸ். (எதிர்மறை ரியாக்டன்ஸின் மொத்தப் பரப்பு) பெருகுவதும் நுரையீரலின் ஓரப்பகுதி பாதிப்புக்கு நுட்பமான அடையாளங்கள். ஆனால் நுரையீரல் தழும்பு நோயிலும் உடல் பருமனிலும் எக்ஸ்5 இறங்கும். குழாய் அடைப்பா நுரையீரல் சுருக்கமா என்று அது தனியாகச் சொல்லாது. சி.ஓ.பி.டி.-யில் (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) உள்மூச்சு எக்ஸ்5-ஐயும் வெளிமூச்சு எக்ஸ்5-ஐயும் பிரித்துப் பாருங்கள். சராசரி வித்தியாசம் லிட்டர்/விநாடிக்கு 2.8 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டினால், சாதாரண வெளிமூச்சிலேயே காற்றோட்டம் முட்டி நிற்கிறது என்று பொருள்.

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துச் சோதனைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வழியாகச் சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் வீதம் 4 பஃப், ஒவ்வொன்றாக. 15 நிமிடம் கழித்து அதே நாற்காலியில், அதே கன்னப்பிடியோடு மறுபடி எடுக்கவும். ஆர்5 40 சதவீதம் குறைவது, எக்ஸ்5 50 சதவீதம் மேம்படுவது, ஏ.எக்ஸ். 80 சதவீதம் குறைவது ஆகியவை, மருந்து வேலை செய்தது என்று கொள்ள ஐரோப்பிய சுவாசச் சங்கத்தின் 2020 தொழில்நுட்ப வழிகாட்டுதல் தரும் எல்லைகள். ஸ்பைரோமெட்ரியில் எஃப்.இ.வி.1-க்கு வழக்கமாகச் சொல்லும் 12 சதவீத உயர்வுக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆஸ்துமா வந்துவிடும்.