உங்கள் போனில் எந்த ஆப் எதை எடுக்கிறது? உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்

போனைக் கையில் எடுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிறகு வந்தது என்றால் செட்டிங்ஸுக்குள் பிரைவசி, அதற்குள் பிரைவசி டாஷ்போர்டு என்று ஒன்று இருக்கும். கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு கேமராவை, மைக்கை, லொக்கேஷனைத் தொட்டது என்று வரிசையாகக் காட்டும். ஐபோனில் இதற்குப் பெயர் ஆப் பிரைவசி ரிப்போர்ட். அதை முதலில் நீங்கள்தான் ஆன் செய்யவேண்டும், அப்புறம் ஏழு நாள் கணக்கை வைத்திருக்கும்.

நான் முதல்முறை இதைத் திறந்தபோது, வானிலை பார்ப்பதற்காக எப்போதோ போட்ட ஒரு ஆப் விடியற்காலை மூன்று மணிக்கு என் லொக்கேஷனை எடுத்திருந்தது. அதற்கு முன்பு இரண்டு மணிக்கு, ஒரு மணிக்கு. 'எப்போதும்' என்று நான் அனுமதி கொடுத்திருக்கிறேன், அது எடுத்திருக்கிறது. அன்றைக்குத்தான் இதில் முறையாக உட்கார்ந்தேன்.

லொக்கேஷனை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி போன் எங்கே கிடக்கிறதோ அதுதான் உங்கள் வீடு, பகலில் எங்கே இருக்கிறதோ அது வேலை செய்யும் இடம். இந்த இரண்டும் தெரிந்தால் உங்கள் பெயரைத் தனியாகக் கேட்கவே வேண்டாம். 15 லட்சம் பேரின் மொபைல் பதிவுகளை வைத்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எந்த நேரத்தில் எந்த இடம் என்று நான்கே புள்ளிகள் கிடைத்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. அதனால் 'பெயரில்லாமல்தான் சேகரிக்கிறோம்' என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

செய்யவேண்டியது சுலபம். லொக்கேஷன் அனுமதி பட்டியலைத் திறந்து, 'எப்போதும்' என்பதன் கீழே இருக்கிற ஒவ்வொன்றையும் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். வழி காட்டும் மேப்புக்கும் வண்டி கூப்பிடும் ஆப்புக்கும் துல்லியமான இடம் தேவை, வானிலைக்கும் செய்திக்கும் தேவையில்லை. அவற்றுக்குத் துல்லிய லொக்கேஷனை அணைத்துவிட்டால் தோராயமான பகுதி மட்டும்தான் போகும். மழை வருமா என்று அது அப்போதும் சரியாகவே சொல்லும்.

அடுத்து கான்டாக்ட்ஸ். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருப்பது உங்களுடைய விவரம் மட்டும் இல்லை, உங்களை நம்பி நம்பர் கொடுத்த நூற்றுக்கணக்கான பேருடையது, அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. விளையாட்டு ஆப்புக்கும் போட்டோவை அழகாக்கும் ஆப்புக்கும் அது எதற்கு? மறுத்துவிடுங்கள். போட்டோ கேட்டாலும் எல்லாவற்றையும் திறந்து விடாமல் தேவையான படங்களை மட்டும் தேர்ந்து கொடுக்கும் வசதி ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டுகளிலும் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் அக்ஸசபிலிட்டி என்ற அனுமதியைத் தனியாகத் திறந்து பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மிகவும் உதவும் வசதி அது. ஆனால் அதைப் பெற்ற ஆப், திரையில் வருவதையெல்லாம் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகத் தானே தட்டவும் செய்யலாம். வங்கிப் பணத்தைத் திருடும் ஆப்கள் குறிவைப்பது இதைத்தான். உங்களுக்குத் தெரியாத பெயர் அங்கே ஆனில் இருந்தால் யோசிக்காமல் அணைத்து, அந்த ஆப்பையே நீக்கிவிடுங்கள்.

விளம்பரத்துக்கென்றே உங்கள் போனுக்கு ஓர் அடையாள எண் உண்டு. ஆண்ட்ராய்டில் பிரைவசிக்குள் ஆட்ஸ் என்ற இடத்தில் அதை அழிக்கலாம், அதன்பிறகு எந்த ஆப் கேட்டாலும் வெறும் பூஜ்யங்களாகத்தான் போகும். ஐபோனில் டிராக்கிங் என்ற பகுதிக்குள் போய், ஆப்கள் அனுமதி கேட்பதையே மொத்தமாக அணைத்துவிடலாம்.

சரி, பிரவுசருக்கு வருவோம். இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று இன்னும் நிறைய பேர் நினைக்கிறார்கள். ஜன்னலை மூடியதும் அதில் பார்த்ததன் ஹிஸ்டரியும் குக்கீயும் (உங்களை அடையாளம் காண தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு) உங்கள் போனிலிருந்து அழியும், அவ்வளவுதான். இணைய இணைப்பு கொடுப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரியும், அந்தத் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைப்பின் எண், தெரியும், உள்ளே போய் லாகின் செய்துவிட்டால் பெயரே தெரிந்துவிடும். வீட்டில் ஒரே போனை நாலு பேர் எடுப்பார்கள் என்றால் உதவும், மற்றபடி அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு தளத்தில் செருப்பு பார்த்தால் சம்பந்தமே இல்லாத இன்னொரு தளத்திலும் அதே செருப்பு வந்து நிற்கிறதல்லவா, அதற்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்பு குக்கீதான் காரணம், அதாவது நீங்கள் பார்க்கும் தளம் இல்லாமல் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் போடும் குக்கீ. சஃபாரி 2020இலேயே இவற்றை முழுதாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டதுபோல் பிரித்து வைக்கிறது. குரோமில் நீக்கப்போகிறோம் என்று பல வருடம் சொல்லி வந்த கூகுள் 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதனால் குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸுக்குள் போய்த் தாங்களே 'பிளாக்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அபூர்வமாக ஏதாவது ஒரு தளத்தில் லாகின் தகராறு செய்யும், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும்.

என்னைக் கேட்டால், ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்க்கும் துணை மென்பொருள்) சேர்த்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே பலனுள்ள ஒற்றை வேலை. பின்தொடரும் ஸ்கிரிப்டுகள் இறங்குவதற்கு முன்பே தடுக்கப்படும், பக்கமும் வேகமாகத் திறக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நல்லது என்று பத்து எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள். எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு வரைக்கும் பார்க்க முடியும்.

போட்டோவில் ஒரு விஷயம். கேமராவில் லொக்கேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அந்தப் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டில் எடுத்த குழந்தையின் படம் என்றால் யோசித்துப் பாருங்கள். கேமரா செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுவது நல்லது.

கடைசியாக லாக் ஸ்கிரீன். போன் பூட்டியிருக்கும்போதே ஓடிபி மேலே தெரிந்தால் பூட்டி என்ன பயன்? நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் உள்ளடக்கத்தை மறைத்துவிடுங்கள். திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்காமல் இருக்க சிம்முக்கும் ஒரு பின் எண் (PIN) போடுங்கள். போடும்முன் உங்கள் நெட்வொர்க்கின் ஆரம்பப் பின் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், குத்துமதிப்பாக அடிக்காதீர்கள், மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறப்பதற்கான பியுகே (PUK) எண் கேட்கும். அது பெரும்பாலும் சிம் ஒட்டி வந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கும், அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி எடுத்து வையுங்கள்.