தொடையெலும்பின் கீழ்முனை முறிவு: கோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் மெடிக்கல் கோடிங் வேலைக்கு, அதாவது நோயாளியின் பதிவைப் படித்து நோய்க்கான கோடு போடும் வேலைக்கு, வருகிறவர்களில் சிலர் அதற்கு முன் உள்ளூர் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர்கள். அங்கே கை பழகியது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10. அதில் எஸ்72.4 என்றால் தொடையெலும்பின் கீழ்முனை முறிவு. பின்னால் 0 சேர்த்தால் மூடிய முறிவு (தோல் கிழியாதது), 1 சேர்த்தால் திறந்த முறிவு (தோல் கிழிந்தது). அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துவது அதன் அமெரிக்க வடிவமான ஐசிடி-10-சிஎம். அங்கே எஸ்72.40 என்றால் எந்த வகை முறிவு என்று சொல்லப்படவில்லை என்று பொருள். எஸ்72.41 என்றால் காண்டைல், அதாவது முழங்காலுக்குள் வந்து உட்காரும் உருண்டை முனை, உடைந்திருக்கிறது, எந்தக் காண்டைல் என்று தெரியவில்லை. மூடியதா திறந்ததா என்ற கேள்வி கோடின் 7ஆவது எழுத்துக்குப் போய்விட்டது. பழைய ஞாபகத்தில் அடித்தால் முதல் நாளே ஆடிட்டில் மாட்டும்.

அதிகம் சறுக்கும் இடம் எஸ்72.45க்கும் எஸ்72.46க்கும் நடுவே. காண்டைல்கள் இரண்டு. அவற்றுக்கு மேலேயே முறிவு நின்றுவிட்டால் எஸ்72.45. விரிசல் இரண்டுக்கும் நடுவே இறங்கியிருந்தால் எஸ்72.46. ஆபரேஷன் நோட்டில் மேலே 'வலது சூப்ராகாண்டைலர் முறிவு' (காண்டைல்களுக்கு மேலே) என்று ஒரே வரி இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்72.451ஏ போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குத் தாவிவிடுவார்கள். கீழே மூன்றாவது பத்தியில் சர்ஜன் சொல்லியிருப்பார்: காண்டைல்களுக்கு நடுவே பிளவு மூட்டுவரை போயிருந்தது, முதலில் லேக் ஸ்க்ரூ போட்டு அதை இறுக்கினோம், பிறகுதான் வெளிப்பக்கம் பிளேட் வைத்தோம் என்று. அப்படியென்றால் அது எஸ்72.461ஏ. ஒரே எலும்பின் ஒரே முறிவுக்கு இரண்டையும் சேர்த்துப் போடவும் முடியாது, விதி அனுமதிக்காது. நோட்டில் சர்ஜன்கள் முறிவை வகைப்படுத்தும் ஏஓ முறைப்படி 33-சி என்று மட்டும் இருந்தால், மூட்டு முழுதாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல துப்பு. ஆனால் துப்பை வைத்து நாமாக முடிவு கட்டக் கூடாது. டாக்டருக்கு ஒரு குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பிவிடலாம்.

6ஆவது எண்ணில் ஒரு சின்னப் பொறி உண்டு. 41 முதல் 46 வரை 1, 2, 3 விலகிய முறிவு, அதாவது உடைந்த துண்டுகள் இடம் மாறியது. 4, 5, 6 விலகாதது. 40, 47, 49இல் அந்தக் கணக்கே இல்லை, வலது இடது மட்டும்தான். விலகியதா என்று டாக்டர் எழுதாவிட்டால் விலகியது என்றே கொள்ள வேண்டும். திறந்ததா என்று எழுதாவிட்டால் மூடியது.

அப்புறம் 7ஆவது எழுத்து. 'ஏ' என்றால் முதல் விசிட் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது தப்பு. முறிவுக்கு நேரடி சிகிச்சை நடக்கும்வரை 'ஏ'. கோபிசெட்டிபாளையத்தில் மாவுக்கட்டு ஸ்லாப் கட்டி கோவைக்கு அனுப்புகிறார்கள், இங்கே ஆபரேஷன் நடக்கிறது என்று வையுங்கள். டாக்டர் மாறினாலும் இரண்டு இடத்திலும் 'ஏ'தான். தையல் பிரிக்கவும், எலும்பு கூடுகிறதா என்று எக்ஸ்ரே பார்க்கவும் வரும்போது 'டி'. மூடிய முறிவு கூடாமலே நின்றுவிட்டால், அதற்காக மறுபடி ஆபரேஷன் செய்தாலும் 'கே'. தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலேயே கிடந்துவிட்டு வாரக்கணக்கில் கழித்து முதல்முறையாக வருகிறவருக்கு? நாள் கடந்ததே என்று 'டி' போடக் கூடாது. தாமதமாக வந்தாலும் 'ஏ' என்று வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது. இந்த 7ஆவது எழுத்து இருக்கும்போது இசட் வரிசையின் பின்கவனிப்புக் கோடுகளையும் சேர்க்க வேண்டாம்.

திறந்த முறிவில் 'ஏ'வுக்குப் பதில் வருவது 'பி'யா 'சி'யா என்பதைக் காயத்தின் தீவிரத்தைச் சொல்லும் கஸ்டிலோ வகைதான் தீர்மானிக்கும். முதல் இரண்டு வகை 'பி', மூன்றாவது 'சி'. வகை எழுதாவிட்டால் 'பி'. கோவை கங்கா மருத்துவமனை திறந்த முறிவுக் காயங்களுக்கு உருவாக்கிய ஸ்கோர் நம் ஊருக்குப் பெருமை, சரி, ஆனால் இந்த எழுத்துக்கு அது கணக்கில் வராது.

எலும்புத் தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருக்கிறது என்று பதிவில் உள்ள பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். நல்ல எலும்பு உடையாத விழுகை. அங்கே எஸ்72.4 வரவே கூடாது. வலது கால் என்றால் எம்80.051ஏ. அந்தக் கோடில் முழங்கால் பக்கம் என்ற விவரம் காணாமல் போவதால் மனசு கேட்காமல் எஸ் கோடையும் கூடவே ஒட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அதே சமயம் வயதைப் பார்த்து நாமாகத் தேய்மானம் என்று முடிவு செய்யவும் கூடாது, டாக்டர் எழுதியிருக்க வேண்டும். அந்தக் காலில் செயற்கை முழங்கால் மூட்டு இருந்து, அதைச் சுற்றி உடைந்திருந்தால் எம்97.11எக்ஸ்ஏவும் வேண்டும். ஆனால் முறிவின் வகையைச் சொல்லும் கோடுதான் முதலில் வர வேண்டும். இடம் நிரப்ப நடுவில் உள்ள எக்ஸை விட்டுவிட்டால் கோடே செல்லாது.

சிறுவர்களின் வளர்ச்சித் தட்டு முறிவு, அதாவது சால்டர்-ஹாரிஸ் வகைகள், எஸ்79.1இல் இருக்கின்றன.

எப்படி விழுந்தார் என்ற கோடைக் கடைசியில் அவசரமாகப் போடுகிறார்கள். பொள்ளாச்சித் தென்னையிலிருந்து விழுந்தால் டபிள்யூ14.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ. தோட்டத்துக் கிணற்றில் விழுந்தால் டபிள்யூ17.0எக்ஸ்எக்ஸ்ஏ. அமெரிக்க சார்ட்டில் கிணற்றைப் பார்ப்பது அபூர்வம்தான், பழகிப் பார்க்க நம்ம ஊர்க் கேஸ் நல்லது. இங்கே ஏ, டி, பின்விளைவுக்கான எஸ் என்ற மூன்று எழுத்து மட்டுமே உண்டு. எலும்பு கோடில் 'பி' இருக்கிறதே என்று இதற்கும் 'பி' போட்டால் கிளெய்ம் திரும்பி வந்துவிடும்.