புயலில் அடிபட்ட ஹைட்ரேஞ்சியா: காப்பாற்றப் போய் கெடுத்துவிடாதீர்கள்

ஹைட்ரேஞ்சியா லேசில் சாகிற செடி இல்லை. கிளையெல்லாம் முறிந்து தரையோடு தரையாகக் கிடந்தாலும், வேர் நன்றாக இருந்தால் அடியிலிருந்து மறுபடி தளிர்த்து வந்துவிடும். அதனால் புயலுக்குப் பிறகு பெரும்பாலும் செடியின் உயிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அடுத்த பருவத்துப் பூவைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அந்தப் பூவைக் காற்று பறிப்பதைவிட, மறுநாள் காலை கத்தரியோடு இறங்குகிற நாம் பறிப்பதுதான் அதிகம். இந்தச் செடியோடு நெடுநாள் பழகியவர்கள் பலரும் தொடக்கத்தில் செய்ததையே இப்போது புதிதாக வளர்ப்பவர்கள் அப்படியே திரும்பச் செய்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். துருப்பிடித்த கத்தரியால் வெட்டாதே, தொட்டியில் தண்ணீர் தேங்க விடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

எல்லாவற்றையும் தரைமட்டமாக வெட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான்.

நேற்றுவரை இடுப்பளவு உயரத்தில் குடைபோல நின்ற செடி இன்று நடுவில் பிளந்து நாலு பக்கமும் விழுந்து கிடக்கும்போது பார்க்கவே மனசு கேட்காது. "எப்படியும் போச்சு, சுத்தமாக வெட்டிவிட்டால் புதிதாக வரட்டும்" என்று தோன்றும். ரோஜாவும் செம்பருத்தியும் வளர்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வருகிற யோசனை, ஏனென்றால் அந்தச் செடிகள் கவாத்து செய்தபின் விடுகிற புதுத் தளிரிலேயே பூத்துவிடும். ஹைட்ரேஞ்சியாவில் எல்லா வகையும் அப்படியில்லை.

இதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று போன வருஷத்துத் தண்டில் பூக்கும். இன்னொன்று இந்த வருஷம் புதிதாக விடுகிற தண்டில் பூக்கும். தடித்த, பளபளப்பான பெரிய இலையோடு நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ பந்து பந்தாகப் பூக்கிற மேக்ரோஃபில்லா முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. வீடுகளில் அதிகம் பேர் வளர்ப்பதும் இதைத்தான். அதற்கு நெருங்கிய செராட்டா, ஓக் மர இலைபோல மடல் மடலாகப் பிரிந்த இலை கொண்ட குவர்சிஃபோலியா, சுவரில் தொற்றி ஏறும் கொடி வகை, இவையும் அதே கூட்டம். கூம்பு வடிவத்தில் குலை வைக்கும் பேனிகுலேட்டாவும், மெல்லிய இலையோடு வெள்ளைப் பந்தாகப் பூக்கும் ஆர்போரெசென்ஸும் (அனபெல் என்ற பிரபலமான ரகம் இதில்தான் வரும்) இரண்டாவது கூட்டம்.

முதல் கூட்டத்துச் செடி, அடுத்த வருஷத்துப் பூவுக்கான மொட்டைக் கோடையின் கடைசியிலேயே உருவாக்க ஆரம்பித்துவிடுகிறது. பகல் குறைந்து இரவு குளிரத் தொடங்கியதும் தண்டின் நுனியில் அது முழுமையாகி, குளிர்காலம் முழுக்க அப்படியே உறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண இலைமொட்டு மாதிரிதான் இருக்கும், உள்ளே பூ இருப்பது தெரியாது. இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ புயல் அடித்து, நீங்கள் மேக்ரோஃபில்லாவைத் தரையோடு வெட்டினால், வெட்டிக் குப்பையில் போடுவது அடுத்த வருஷத்துப் பூ முழுவதையும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் வேலியோரம் நல்ல முதிர்ந்த மேக்ரோஃபில்லா புதர் ஒன்று இருந்தது. இலையுதிர்காலப் புயலில் அதன் ஒரு பக்கம் மட்டும் முறிந்தது. வேலைக்கு வந்த ஆள், மறுபக்கத்தையும் அதே உயரத்துக்குச் சமமாக வெட்டினால்தான் அழகாக இருக்கும் என்று சொல்லி, நன்றாக நின்ற தண்டுகளையும் சேர்த்து முழங்காலுக்குக் கீழே இறக்கிவிட்டார். வசந்தத்தில் தளிர் வந்தது, செழிப்பாகவே வந்தது, ஆனால் பூ ஒன்றுகூட இல்லை. சத்து குறைவு என்று நினைத்துத் தழைச்சத்து உரத்தைப் போட்டார்கள். இலை இன்னும் பெரிதானது, தண்டு நீண்டு இளசாக வளர்ந்தது, மழையில் சாய்ந்தது. சாய்ந்ததே என்று இலையுதிர்காலத்தில் மறுபடி வெட்டினார்கள். மறு வருஷமும் பூ இல்லை. கடைசியில் "இந்தச் செடி மலடு" என்று முடிவு கட்டி வேரோடு எடுத்துவிட்டார்கள். எந்தக் குறையும் இல்லாத செடி அது. யாராவது ஒருவர் அந்தக் கத்தரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் இன்றைக்கும் பூத்துக்கொண்டிருக்கும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, என்னதான் செய்வது? முதலில் ஓரிரண்டு நாள் எதுவும் செய்யாமல் இருங்கள். சாய்ந்த தண்டு வேறு, முறிந்த தண்டு வேறு. பூக்குலை மழையில் ஊறினால் கனம் தாங்காமல் தண்டு வளைந்து தரையைத் தொடும். மெதுவாக உதறி, நீர் வடிந்து காய்ந்தபின் பார்த்தால் அதில் நிறைய தண்டுகள் தானாகவே பாதி நிமிர்ந்திருக்கும். நிமிராவிட்டால் ஊறிப்போன பூக்குலையை மட்டும், அதற்குக் கீழே உள்ள முதல் நல்ல மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே நறுக்கிவிடுங்கள், பாரம் குறைந்துவிடும்.

அதற்கப்புறம் தண்டு தண்டாகப் பாருங்கள். முற்றிலும் ஒடிந்து தொங்குவதை, ஒடிந்த இடத்துக்குக் கீழே ஆரோக்கியமான மொட்டு ஜோடி எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அதற்கும் கீழே போக வேண்டாம். நுனி போனாலும் பக்க மொட்டுகளிலிருந்து பூக்கிற ரகங்கள் உண்டு, ஆகவே எஞ்சுகிற ஒவ்வொரு கணுவுக்கும் மதிப்பு இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று சந்தேகமான தண்டில் நகத்தால் லேசாகப் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பாக, உலர்ந்து இருந்தாலும் குளிர்காலத்தில் அவசரப்பட வேண்டாம், வசந்தத்தில் மொட்டு உப்பும்போது செத்தது எது, பிழைத்தது எது என்று செடியே காட்டிவிடும். அடியோடு கிழிந்து, நடுக்கட்டையிலேயே பிளந்த தண்டு மட்டும் விதிவிலக்கு. அதை வைத்திருந்தால் பிளவில் நீர் தங்கி அழுகல் உள்ளே இறங்கும், தரையோடு எடுத்துவிடுவதே நல்லது.

புயல் எப்போது அடித்தது என்பதும் முக்கியம். கோடைத் தொடக்கத்தில் அடித்தால் கொஞ்சம் தாராளமாக வெட்டலாம், புதுத் தளிர் வளர்ந்து இலையுதிர்காலத்துக்குள் மொட்டு வைக்க நேரம் இருக்கிறது. கோடையின் கடைசியைத் தாண்டிவிட்டால் அந்த நேரம் இல்லை. இரண்டாவது கூட்டத்துச் செடியாக இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்: முறிந்ததை இப்போது சுத்தப்படுத்திவிட்டு, குளிர்காலக் கடைசியில் நன்றாகவே கவாத்து செய்யலாம், அதே வருஷம் பூக்கும். எண்ட்லெஸ் சம்மர் மாதிரி பழைய தண்டிலும் புதுத் தண்டிலும் பூக்கிற ரகங்கள் இருக்கின்றன. அவற்றைத் தவறி வெட்டினாலும் பூ வரும், ஆனால் தாமதமாக, குறைவாக வரும். என்ன வகை என்றே தெரியாவிட்டால் முதல் கூட்டம் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

வாடியிருக்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவது

நாலு நாள் மழை பெய்து, மண் சொதசொதவென்று இருக்கும். செடி மட்டும் இலையைத் தொங்கப்போட்டிருக்கும். ஹைட்ரேஞ்சியா வாடினால் தண்ணீர் ஊற்று என்றுதான் எல்லோரும் கற்றுக்கொண்டிருக்கிறோம், அதனால் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகிறது. ஆனால் நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாமல் மூச்சுத் திணறும் வேரால், சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் அதை உறிஞ்ச முடியாது. மேலே பார்க்கிறவருக்கு அது தாகம் மாதிரியே தெரியும். இந்த நிலையில் மேலும் ஊற்றினால் ஃபைட்டோஃப்தோரா போன்ற வேரழுகல் நோய்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

விரலைச் சில அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். தேங்கிய நீர் வெளியேற ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள், சேறு வந்து அடித்தண்டை மூடியிருந்தால் பழைய மண்மட்டம்வரை கையால் வழித்தெடுங்கள், மண்மேல் பரப்பிய சருகு, வைக்கோல் மூடாக்கு ஊறி அழுத்தமாகிப்போயிருந்தால் அதைக் கொஞ்சநாள் விலக்கிவையுங்கள். ஒரு வேரைத் தோண்டிப் பார்க்கும் தைரியம் இருந்தால் பாருங்கள்: வெளிறிய நிறத்தில் உறுதியாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும், கருத்துக் கொழகொழவென்று வந்தால் அந்தப் பகுதி போய்விட்டது.

கடலோரப் புயல் மட்டும் வேறு கதை. காற்றில் வந்த உப்பு இலையில் படிந்து கருக்கும், மண்ணிலும் இறங்கும். அங்கே எவ்வளவு சீக்கிரம் நல்ல தண்ணீரால் இலையையும் தண்டையும் கழுவுகிறீர்களோ அவ்வளவு நல்லது. மண் நன்றாக வடியக்கூடியதாக இருந்தால் வேர்ப்பகுதிக்கும் தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்கலாம்.

உரம்

புதுத் தளிர் உறுதியாக வரும்வரை எதுவும் வேண்டாம்.

நீல நிறத்தை மீட்கக் கிளம்புவது

வெள்ளம் வடிந்தபின் மேக்ரோஃபில்லாவின் நிறம் மாறலாம். மண்ணின் அமிலத்தன்மை மாறினால் செடிக்குக் கிடைக்கும் அலுமினியமும் மாறும். கார அமில அளவு (pH) 5.5 அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் நீலம், 6.5ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பு. அதைச் சரிசெய்ய அலுமினியம் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அடிபட்ட வேரில் அந்த உப்பு எரிச்சலைத்தான் கூட்டும். இந்த வருஷம் எந்த நிறத்தில் பூத்தாலும் இருக்கட்டும், வேர் தேறியபின் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூசுவது

பூசாதீர்கள். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்காக அறுத்துக் காயம் எப்படி ஆறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். காயப்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை, செடி தானே உள்ளுக்குள் தடுப்பு எழுப்பிக் காயத்தை ஒதுக்கிக்கொள்கிறது என்பதை அவர் வேலைதான் தெளிவாக்கியது. பிசிறில்லாத வெட்டு, செடிக்குச் செடி கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது, இது போதும்.

கிழிந்த இலைகளை உருவிவிடுவது

ஆலங்கட்டி மழையில் சல்லடையான இலை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் பாதிக் கிழிந்த இலையும் சாப்பாடு தயாரிக்கிறது. எல்லாவற்றையும் உருவினால் செடி சேமித்த சத்தைச் செலவழித்து மறுபடி தளிர்க்கும், அதுவும் குளிருக்கு முன்னால் வருகிற இளந்தளிராக இருந்தால் முதல் பனியிலேயே கருகிவிடும். கருத்து அழுகியதையும் கீழே விழுந்ததையும் மட்டும் பொறுக்கிவிடுங்கள்.

ஈர மண்ணை மிதிப்பது

பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

விறைப்பாகக் கட்டி நிறுத்துவது

ஹைட்ரேஞ்சியாவின் வேர் ஆழம் போகாது, மேலாக நார் நாராகப் பரவும். அதனால் ஊறிய மண்ணில் பலத்த காற்று அடித்தால் செடியே கட்டையோடு பெயர்ந்து சாயும். அன்றைக்கே தூக்கி நிறுத்துங்கள், முடியாவிட்டால் வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடிவையுங்கள், காய்ந்தால் திரும்ப வராது. நிறுத்தும்போது தண்டைப் பிடித்து இழுக்காமல் வேர்க்கட்டைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். இழுத்தால் மிச்சமிருக்கும் வேரும் அறுந்துவிடும்.

அப்புறம் முட்டுக்கொடுப்பது. இங்கேதான் கம்பியும் நைலான் கயிறும் வைத்து இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கயிறு பட்டையை அறுக்கும், அசையவே முடியாத தண்டு பலமும் பெறாது. அகலமான துணிப்பட்டையால் எட்டு வடிவில், தண்டு கொஞ்சம் ஆடும்படி, ஆனால் அடிக்கட்டை ஆடாதபடி கட்டுங்கள். அடிக்கட்டை ஆடினால் புதிதாக விடும் மெல்லிய வேர் ஒவ்வொரு காற்றுக்கும் அறுந்துகொண்டே இருக்கும். வேர் பிடித்ததும் கட்டிய துணியை அவிழ்க்க மறக்காதீர்கள்.

முறிந்த தண்டைக் குப்பையில் போடுவது

இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். பாதி கிழிந்து தரையில் படுத்த தண்டை வெட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். மண்ணைத் தொடும் கணுவில் இலையை நீக்கி, ஒரு கையளவு மண் போட்டு, மேலே கல் ஒன்றை வைத்துவிட்டால் அதுவே பதியம். தாய்ச்செடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் தண்ணீரும் சத்தும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பருவத்தில் தனிச்செடியாகப் பிரித்துவிடலாம்.

முற்றிலும் ஒடிந்ததென்றால், பூக்காத இளந்தண்டாகப் பார்த்து 10 முதல் 15 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, ஈரமான மணல் கலவையில் நிழலில் நடுங்கள். கோடையில் நட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேர்விட்டுவிடும். வாடுவதற்குள் செய்ய வேண்டும், மறுநாள் குப்பைக்குவியலிலிருந்து எடுத்து நட்டால் பிடிக்காது.

நிழல் போனதைக் கவனிக்காமல் விடுவது

செடிக்கு ஒரு கீறல்கூட இல்லை, பக்கத்து மரம்தான் விழுந்தது, தப்பித்தோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். சில வாரம் கழித்து இலையெல்லாம் ஓரம் கருகி, பூ பழுப்பாகிக் காயும். நோய் என்று மருந்து அடிப்பார்கள். இத்தனை வருஷம் மதிய வெயிலை மறைத்து நின்ற மரம் இல்லாததுதான் காரணம். நிழலில் உருவான இலை திடீர் வெயிலைத் தாங்காது. மரம் விழுந்த அன்றே நான்கு குச்சி நட்டு, 30 முதல் 50 சதவீத நிழல் வலையைத் தெற்கு, மேற்குப் பக்கம் கட்டுங்கள், மண் வடிந்தபின் 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்கை அடித்தண்டில் ஒட்டாமல் போடுங்கள். பேனிகுலேட்டா என்றால் புது இலை வந்ததும் வெயிலுக்குப் பழகிக்கொள்ளும். மேக்ரோஃபில்லா என்றால் கோடை முழுக்க வலை இருக்கட்டும், இலை உதிர்ந்து செடி உறங்கும் காலத்தில் மண்கட்டியோடு எடுத்து, காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள்.