52 வயதில் மறுபடியும் கிட்டார்

கல்லூரியில் வாசித்த கிட்டாரை 25 வருடம் கழித்து, கிருஷ்ணகிரி வீட்டுப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு பிடித்தால் விரல் நுனி எரிந்தது, பாதிக் கம்பிகள் ஒலிக்கவே இல்லை. வயசாகிவிட்டது, இனி வராது என்றே ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் அளக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12-வதற்கு மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது! 2.5 போதும்; உயரம் கூடினால் கம்பியை அழுத்துவது கடினம். வருடக்கணக்காகக் கம்பியின் இழுவையிலேயே கிடந்ததால் கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது.

கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) கால் சுற்று வலஞ்சுழியாகத் திருகி, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். கம்பி அரை மில்லிமீட்டர் இறங்கியது. மீதிக்கு, கிட்டாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். இதில் அவசரமே கூடாது. சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைத்தால்தான் 12-வது ஃப்ரெட்டில் 1 குறையும். அதிகம் தேய்த்துவிட்டால் புது சேடில்தான் வாங்க வேண்டும். பென்சிலில் கோடு போட்டு, கொஞ்சம் தேய்ப்பதும் மாட்டிப் பார்ப்பதுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. கம்பியையும் 12-ம் எண் தடிமனிலிருந்து மெல்லிய 10-க்கு மாற்றினேன். சத்தம் சற்று மெலிந்தது, பரவாயில்லை.

இப்போது தினமும் மொட்டைமாடியில் 15 நிமிடம். எஃப் சுத்தமாகக் கேட்க மூன்று வாரம் பிடித்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.