விமானம் ரத்தாகும்போது: முதுகுப்பையுடன் புறப்படும் மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கான வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் மாணவர் ஒருவர் விடுமுறையில் தாய்லாந்து, மலேசியா, இந்தியா என்று முதுகுப்பையோடு சுற்றிவரப் புறப்படுவது இப்போது அரிதான செய்தி அல்ல. மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திட்டமிடும் இத்தகைய பயணத்தில், ஒரு விமானம் ரத்தானால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் வரிசையாகக் கலைந்துவிடும். 2024 நவம்பரில் லெவோதோபி எரிமலையின் சாம்பலால் பாலித்தீவின் விமானங்கள் நின்றன. 2025 ஜூனில் கட்டார் தன் வான்பரப்பைச் சில மணிநேரம் மூடியது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேர விதிகளை ஒட்டி எழுந்த நெருக்கடியால் இந்தியாவில் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தாகின.

இலங்கைக் கடவுச்சீட்டும் அளவான பணமும் மட்டுமே கையில் உள்ளவர், ரத்து அறிவிப்பு வந்தவுடன் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது, மாற்று விமானத்தையே கேட்க வேண்டும்; அந்த விமானம் எந்த நாட்டின் வழியாகச் செல்கிறது என்பதைப் பார்த்த பின்னரே அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்வருவன அனைத்தும் இந்த ஒன்றையே சுற்றி அமைகின்றன.

டிக்கெட் வாங்கும்போதே செய்ய வேண்டியவை

எமது பகுதியில் பலரும் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ உள்ள ஏஜென்சியில் டிக்கெட் எடுக்கிறார்கள், அல்லது சுவிஸில் இருக்கும் மாமாவோ கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகனோ தமது அட்டையால் எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் ஒரு பொறி உண்டு. பதிவில் ஏஜென்சியின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருந்தால் ரத்து அறிவிப்பு அங்கேதான் போகும். கடை பூட்டியிருக்கும் இரவில் வந்த செய்தியை நீங்கள் விமான நிலையத்தில் நின்றுதான் அறிவீர்கள். ஆகவே டிக்கெட் கைக்கு வந்த அன்றே, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட பதிவுக் குறியீட்டை (PNR) வைத்து விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் நுழைந்து உங்கள் சொந்த மின்னஞ்சலையும் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். மாமாவின் அட்டையில் எடுத்த டிக்கெட்டுக்கு, மீளளிக்கப்படும் பணம் பொதுவாக அதே அட்டைக்குத்தான் போகும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது, பயணம் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டுகளா என்பது. பாங்கொக்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து கொழும்பு என்பது ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானம் ரத்தாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களைக் கொழும்பில் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. அதையே இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கியிருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. தனித்தனியாக வாங்குவதைத் தவிர்க்க முடியாவிட்டால் இரண்டுக்கும் இடையில் ஓர் இரவாவது விடுங்கள். திரும்பும் விமானத்துக்கும் பரீட்சை அல்லது அரையாண்டுத் தொடக்கத்துக்கும் இடையே சில நாள்கள் இருப்பதும் அதேயளவு அவசியம்.

கைத்தொலைபேசியில் இலங்கை சிம் ரோமிங் வசதியுடன் இயங்க வேண்டும். வெளிநாட்டில் அவசரமாக டிக்கெட் வாங்கும் நேரத்தில், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் (OTP) அந்த சிம்முக்குத்தான் வரும். எண் வரவில்லை என்றால் கணக்கில் பணம் இருந்தும் பயனில்லை. வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு இயங்குநிலையில் உள்ளதா, நாளாந்த எல்லை எவ்வளவு என்பவற்றையும் ஊரில் இருக்கும்போதே உறுதிசெய்யுங்கள். பயணக் காப்புறுதி எடுப்பவர்கள் அதில் ரத்தும் தாமதமும் அடங்குகின்றனவா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் வீசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ காப்புறுதி மருத்துவச் செலவுக்கானது. விமானம் ரத்தானால் அது கைகொடுக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஊரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை

மாரிகாலத்தில் புறப்படுவோருக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. மகாவலி பெருகும்போது மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூழ்குவதும் புகையிரதச் சேவை நிற்பதும் எமக்குப் புதிதல்ல. அம்பாறையிலிருந்து மகியங்கனை, கண்டி வழியாகச் செல்வோருக்கு மண்சரிவு தடையாகலாம். வெள்ளத்தால் நீங்கள் விமான நிலையத்தை அடைய முடியாமற்போவது விமான ரத்து அல்ல. விமானம் நேரத்துக்குப் பறந்துவிட்டால் நீங்கள் வராத பயணியாகப் பதியப்படுவீர்கள். போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் நீக்கிவிடும். பாதை தடைப்பட்டது தெரிந்தவுடன், விமானம் புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு அழைத்துத் திகதியை மாற்றுங்கள். மறுபக்கம், இரவு புகையிரதத்தில் ஏறுவதற்கு முன் விமானத்தின் நிலையைப் பார்க்கத் தவறாதீர்கள். ரத்துச் செய்தியை வீட்டில் இருந்து பெறுவதற்கும் கட்டுநாயக்கவில் தங்குமிடம் தேடிக்கொண்டு பெறுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

அறிவிப்பு வந்த முதல் ஒரு மணிநேரம்

செயலியில் வரும் அறிவிப்பின் கீழ் வழக்கமாக மூன்று தெரிவுகள் இருக்கும்: தந்த புதிய விமானத்தை ஏற்பது, வேறு விமானத்துக்கு மாறுவது, பணத்தைத் திருப்பிப் பெறுவது. பதற்றத்தில் பெரும்பாலோரின் விரல் மூன்றாவதை நாடும். அதை அழுத்திய கணத்தில் பயண ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் அதனோடு பெரும்பாலும் நீங்கிவிடும். மாதங்களுக்கு முன் மலிவாக வாங்கிய டிக்கெட்டின் பணம் பிறகு வரும். அன்றைய கடைசி நேரக் கட்டணமோ அதன் பல மடங்காக இருக்கலாம். வேறு வழியில் ஊர் திரும்பக் கையில் பணமும் வழியும் உறுதியாக இருந்தால் மட்டுமே மீளளிப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

எதையும் அழுத்துவதற்கு முன் அறிவிப்பை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னர் மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் முயலுங்கள். கவுண்டரின் வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்கு அழைக்க வேண்டும், செயலியின் உரையாடல் பகுதியிலும் எழுத வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது வரிசையை மட்டும் நம்பியிருப்பவருக்கு இருக்கை கிடைப்பது கடினம். நிற்கும் நேரத்தில், அதே நிறுவனமும் அதன் கூட்டு நிறுவனங்களும் எந்த விமானங்களை எப்போது இயக்குகின்றன என்று தேடி இரண்டு, மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். “எனக்கு ஏதாவது செய்யுங்கள்” என்று கேட்பவரைவிட, “நாளை காலை இந்த எண்ணுள்ள விமானத்தில் என்னை மாற்றுங்கள்” என்று கேட்பவருக்கு வேலை விரைவில் நடக்கும். கவுண்டரில் நிற்பவர் ரத்துக்குக் காரணமானவர் அல்லர். குரலை உயர்த்தாமல், ஆனால் விடாமல் கேளுங்கள்.

விலகுவதற்கு முன் மூன்றை எழுத்தில் பெறுங்கள்: ரத்துக்கான காரணத்தைக் கூறும் சான்று, புதிய பதிவு உறுதி, உணவும் தங்குமிடமும் தருகிறார்களா என்பதற்கான பதில். பையை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தால் அது எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். உங்கள் செலவில் உண்டு தங்க நேர்ந்தால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அங்கேயே படம் எடுத்து வையுங்கள்.

கடவுச்சீட்டைப் பார்த்து வழியைத் தெரிவுசெய்தல்

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் எந்த நகர் வழியாக மாற்றிவிடப்பட்டாலும் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எமக்கு அப்படியல்ல. செங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே இலங்கையருக்கு, சில விலக்குகள் தவிர, விமான நிலைய இடைமாறல் வீசா தேவை. பிராங்பேர்ட் வழியாக மாற்று விமானம் தந்தால், அந்த வீசா இல்லாத உங்களை ஏற்றவே மாட்டார்கள். சென்னை போன்ற இந்திய விமான நிலையத்தில் தனித்தனி டிக்கெட்டுகளுடன் இறங்கிப் பையை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டுமானால் குடிவரவைக் கடக்க நேரிடும், அதற்கு இந்திய வீசா வேண்டும். ஆகவே கவுண்டரில் முதலிலேயே “நான் இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர், இந்த வழியில் எனக்கு இடைமாறல் வீசா தேவையா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர்களின் கணினியிலேயே அதைப் பார்க்க முடியும்.

குடிவரவில் வெளியேறும் முத்திரை பெற்ற பின் விமானம் ரத்தானால் தனியாகத் திரும்பி நடக்காதீர்கள். நிறுவன ஊழியருடன் சென்று முத்திரையை நீக்கச் செய்ய வேண்டும், ஒருமுறை நுழைவுக்கான வீசா உடையவருக்கு இது மிக முக்கியம். தங்கும் கால எல்லை நெருங்கியிருந்தால் அது முடிவதற்கு முன்பே ரத்துச் சான்றுடன் குடிவரவு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தாய்லாந்தில் மேலதிகமாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத், உச்சமாக 20,000 பாத் தண்டம் உண்டு. கால நீட்டிப்புக் கட்டணமோ 1,900 பாத் தான்.

எந்த நாட்டில் என்ன உரிமை

உரிமை புறப்படும் இடத்தையும் நிறுவனத்தையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி அங்கிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், அங்கு வரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்தும். பாரிஸிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றில் ஒரே டிக்கெட்டில் கொழும்பு திரும்புபவருக்கு அது உண்டு. அதே நிறுவனத்தில் கொழும்பிலிருந்து பாரிஸ் போகும்போது இல்லை. 14 நாளுக்குக் குறைவான முன்னறிவிப்புடன் ரத்தானால், தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு பொதுவாகக் கிடைக்கும். எரிமலை, புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. ஆனால் உணவும் தங்குமிடமும் அப்போதும் தந்தாக வேண்டும். 2010இன் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் இதை உறுதிசெய்தது. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதற்குப் பயணியின் ஒப்புதல் வேண்டும்.

மலேசியாவில் இரண்டு மணிநேரத் தாமதத்துக்கு உணவும், ஐந்து மணிநேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தர வேண்டும். ரத்தானால் பணத்தை 30 நாளுக்குள் மீளளிக்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் தம் கட்டுப்பாட்டுக்குள் உள்ள காரணத்தால் உரிய முன்னறிவிப்பின்றி ரத்துச் செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 10,000 இந்திய ரூபாய் வரை இழப்பீடு உண்டு. சர்வதேச விமானப் பயணம் பற்றிய, இலங்கையும் சேர்ந்துள்ள 1999ஆம் ஆண்டு மொன்றியல் சமவாயத்தின்படி, தாமதத்தால் ஏற்பட்ட இழப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பை தாமதமாகக் கிடைத்தால் 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

ஊர் திரும்பிய பின்

கோரிக்கையை முதலில் நிறுவனத்துக்கே, பதிவுக் குறியீடு, ரத்துச் சான்று, பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றுடன் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஏஜென்சியில் எடுத்த டிக்கெட் என்றால் நிறுவனம் ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி நிறுவனத்தைக் காட்டும். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதினால் அந்தச் சுற்று குறையும். பதில் கிடைக்காவிட்டால் விமானம் புறப்பட்ட நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு முறையிடலாம். விரிவுரையோ பரீட்சையோ தவறியிருந்தால், அந்த ரத்துச் சான்றின் பிரதியை இணைத்துப் பீடாதிபதிக்கு உடனே கடிதம் கொடுங்கள். இயலுமானால் ஊர் வந்துசேரும் வரை காத்திராமல், வெளிநாட்டில் நிற்கும்போதே மின்னஞ்சலில் அறிவித்துவிடுங்கள்.